மனையில்லாதவர்களின் பொறுமை

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது குடவோலை முறைதான். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. வாரியத்தில் உறுப்பினராக வேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலியாவது வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று அவை விதிக்கின்றன. பாடப்புத்தகங்கள் இதைப் பெருமையாகச் சொல்லும். நிலமும் மனையும் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று மட்டும் சொல்வதில்லை.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் கழித்து, உத்திரமேரூரையும் உள்ளடக்கிய அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துச் சேரிகளில் அதே இரண்டும் இல்லாமல்தான் மக்கள் வாழ்ந்தார்கள். 1891-ல் மாவட்டத்தின் பொறுப்பு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அடிமை முறையைச் சட்டம் 1843-லேயே கைவிட்டுவிட்டது. ஆனாலும் கல்யாணத்துக்கு வாங்கிய சில ரூபாய் கடனுக்காகத் தன்னையே அடமானம் வைத்துப் படியாளாக உழைக்கும் வழக்கம் நீடித்தது. தரிசு நிலம் கேட்டுத் தர்காஸ்து போடலாம்தான். ஆனால் கிராமத்து மிராசுதாருக்கு அதில் முன்னுரிமை உண்டு. ஆகவே சேரிக்காரர் மனுப் போட்டாலும் நிலம் மிராசுதாருக்கே போகும். குடிசை நின்ற இடமும் மிராசுதாருடையது என்றே சொல்லப்பட்டது. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

இந்தச் சூழலில்தான் கிறிஸ்தவம் சேரிக்குள் வந்தது. ஸ்காட்லாந்து மிஷன் முதலில் சேரிக்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1837-ல் சென்னையில் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் காஞ்சிபுரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களிலும் பள்ளிகள் திறந்தார். ஆனால் அந்த மிஷன் எதிர்பார்த்தது உயர்சாதி மாணவர்களைத்தான். சேரிப் பிள்ளைகளைச் சேர்த்ததற்காக அவர்கள் பள்ளியை விட்டுப் போனபோதும் ஆண்டர்சன் அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்ப மறுத்துவிட்டார். ஆயினும் மிஷன் சேரிகள் பக்கம் முழுமையாகத் திரும்பியது அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான். செங்கல்பட்டில் ஆதாம் ஆண்ட்ரூவும், திருவள்ளூர்ப் பக்கம் ஈக்காட்டில் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் கௌடியும் நிலத்துக்காக அரசிடம் வாதாடினார்கள். சிங்கப்பெருமாள் கோவில் அருகே உள்ள மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ உருவாக்கிய குடியிருப்பு.

1892 செப்டம்பர் 30-ல் அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் ஒதுக்கலாம். பத்து ஆண்டுகள் அதை விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அதே வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம். இன்று பஞ்சமி நிலம் என்று சொல்வது இதைத்தான். குடியிருக்கும் மனைக்கோ இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. 1920 வாக்கில் தொழிலாளர் துறை ஏற்பட்ட பிறகுதான் அரசு மனைகளைக் கையகப்படுத்திக் கொடுக்கும் வேலை நடந்தது.

வயிற்றுக்காக மதம் மாறியவர்கள் என்று இவர்களை ஏளனம் செய்தவர்கள் உண்டு. 1876-78 பஞ்சத்துக்குப் பிறகு அந்தப் பேச்சு அதிகமானது. உதவி எதிர்பார்த்து வந்தவர்கள் இல்லை என்று சொல்ல முடியாதுதான். ஆனால் இன்னொரு பக்கத்தையும் எடைபோட வேண்டும். மிராசுதாரின் மனையில் குடியிருந்துகொண்டு அவருக்குப் பிடிக்காத காரியத்தைச் செய்வது லாபக் கணக்கில் சேராது. வேலை போகலாம், குடிசை போகலாம். அந்த நிலைமையிலும் விசுவாசத்தில் நிலைத்தவர்களை வெறும் சோற்றுக் கணக்கால் விளக்கிவிட முடியாது.

யாக்கோபு நிருபத்தில் பொறுமைக்கு ஓர் உவமை வருகிறது. பயிரிடுகிறவன் முன்மழைக்கும் பின்மழைக்கும் காத்திருந்து நிலத்தின் பலனைப் பெறுவான். ஏரிப்பாசன ஊர்களில் இது சட்டென்று புரியும். ஆனால் அந்தப் பயிரிடுகிறவனுக்கு ஒரு நிலம் இருக்கிறது! சேரிக் கிறிஸ்தவர் அடுத்தவர் வயலில் நின்று அதே மழைக்குக் காத்திருந்தார். அவருடைய பொறுமையைச் சும்மா இருப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெபத்தோடு மனுவும் போய்க்கொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு சோதனை வேறு திசையிலிருந்து வந்தது. 1950-ல் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்று வரையறுத்தது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார். தெரு அதே தெரு, ஊர்க்காரர் அழைக்கும் பெயரும் அதே பெயர். சான்றிதழ் மட்டும் வேறு. அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போனாலும் சான்றிதழில் இந்து என்றே வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. பிள்ளையின் கல்லூரி இடம் போனால் என்ன செய்வது என்று யோசிக்கும் பெற்றோருக்கு அது அவ்வளவு எளிதல்ல.

நிலமும் முழுதாகக் கையில் தங்கவில்லை. பஞ்சமி நிலங்கள் பல மற்றவர்கள் கைக்குப் போயின. அவற்றை மீட்கக் காரணை என்ற ஊரில் தொடங்கிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள்.

2022-ல் மத்திய அரசு மதம் மாறியவர்களின் நிலையை ஆராய நீதிபதி பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை, கிறிஸ்தவர்களாக மாறிய ஆதிதிராவிடர்களுக்கும் பட்டியல் சாதி உரிமைகள் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றிக்கொண்டே இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண்ணின் மனுவைத் தள்ளுபடி செய்தது.