பாய்காட் – ஒரு சொல் பிறந்த கதை

பாய்காட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புறக்கணித்தல் என்று பொருள். ஒருவரோடோ ஒரு நிறுவனத்தோடோ வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலைப் பலர் கூடி, எதிர்ப்பைக் காட்டுவதற்காக நிறுத்திக்கொள்வதை இச்சொல் குறிக்கிறது. பெயர்ச்சொல்லாகவும் வினைச்சொல்லாகவும் வரும்.

'பாய்' என்றால் பையன், 'காட்' என்றால் என்ன சார் என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. உண்மையில் இது ஒரு மனிதரின் பெயர். கிரிக்கெட் வீரர் ஜெஃப்ரி பாய்காட் அல்லர். அவருக்கு வெகுகாலம் முன் வாழ்ந்த சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் (1832–1897).

இவர் அயர்லாந்தின் மேயோ பகுதியில், எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு முகவராக இருந்தார். விளைச்சல் பொய்த்ததால் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கும்படி உழவர்கள் கேட்டனர். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. 1880 செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற அறிவிப்புகளை அனுப்பினார்.

அதே மாதம் 19ஆம் தேதி என்னிஸ் நகரில் நிலக் கழகத் தலைவர் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் பேசினார். வெளியேற்றப்பட்டவரின் நிலத்தை எடுப்பவரை அடிக்க வேண்டாம், எல்லா இடத்திலும் ஒதுக்கிவையுங்கள் என்பது அவர் பேச்சின் சாரம். மக்கள் அதை முகவர் மீதே பிரயோகித்தனர். வேலையாட்கள் நின்றுவிட்டனர். கடைக்காரர்கள் சரக்குத் தர மறுத்தனர். வயலில் பயிர் அறுக்க ஆளில்லை. வடக்கிலிருந்து 50 தொண்டர்கள் அறுவடைக்கு வர, அவர்களைக் காக்க ஆயிரம் பேர் வரை படையினரும் காவலரும் குவிக்கப்பட்டனர். சுமார் 500 பவுண்டு பெறுமான விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகச் சொல்வார்கள்! அறுவடை முடிந்ததும் பாய்காட் ஊரைவிட்டுப் போனார். மறு ஆண்டே திரும்பியும் வந்தார்.

பெயரைச் சொல்லாக்கியவர் ஜான் ஓமாலி என்ற பாதிரியார் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதினார். 'ஆஸ்ட்ரசைஸ்' என்ற சொல் உழவர்களுக்குப் புரியாது என்பதுதான் காரணமாம். விரைவிலேயே பிரெஞ்சும் ஜெர்மனும் இச்சொல்லை எடுத்துக்கொண்டன.

சொல் புதிது, செயல் பழையது. நம் ஊர்களின் ஊர்விலக்கமும் இதே ஆயுதம்தான். ஆனால் அது பெரும்பாலும் எளியவர் மேல் பாய்ந்தது. மேயோவில் எளியவர் கையில் இருந்தது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

தமிழில் பகிஷ்கரிப்பு என்ற சொல்லும் உண்டு. இலங்கையில் இன்றும் பெருவழக்கு. 1931இல் முழுத் தன்னாட்சி கோரி யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்க அழைத்தது. வடக்கில் நான்கு தொகுதிகள் 1934 வரை காலியாகவே கிடந்தன.

எழுதும்போது இறுதியில் இரண்டு 'டி' வரும். வினையாக வந்தால் பின்னால் 'ஃப்ரம்' சேர்க்கக் கூடாது.