ஒடியற் கூழ்: ஒரு பானையில் ஒரு வரலாறு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழையை நம்பியே அங்கு நெல் விளைந்தது. மழை பொய்த்த காலங்களிற் பசி தணித்தது பனை. பாத்தியிற் புதைத்த பனங்கொட்டை முளைத்துக் கிழங்காகும். அக்கிழங்கை அவித்துக் காயவிட்டாற் புழுக்கொடியல். அவியாமற் பிளந்து காயவிட்டால் ஒடியல். வறிய நாளுக்கெனச் சேமித்த இந்த ஒடியலின் மாவே, உற்றாரும் அயலாரும் கூடும் நாளில் ஒடியற் கூழாகி விருந்துணவு என்னும் பெயர் பெற்றது.

கூழ் காய்ச்சுதல் அரிதன்று. ஒழுங்கு ஒன்றே வேண்டும். ஒடியல் மா கசப்புடையது. ஆதலால் அதனை நீரில் ஊறவிட்டு, மேலே தெளிந்த நீரை வடித்து, மீண்டும் நீர் விடுவர். பின்னர் பெரிய பானை அடுப்பேறும். வேகத் தாமதிக்கும் அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, பயற்றங்காய் ஆகியன முதலில் இடப்படும். அடுத்து நண்டும் மீனும் இறாலும் சேரும். அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் கரைத்த மாவும் இறுதியில் வந்து எல்லாவற்றையும் ஒன்றாக்கும். பனையோலையிற் கோலிய பிளாவிற் சுடச்சுட வார்த்துக் குடிப்பர்.

இவ்வடுக்குகளை உற்று நோக்கின், நாட்டின் வரலாறே அவற்றிற் படிந்திருத்தல் புலனாகும். பனையும் கடலும் மண்ணுக்குரியவை. மிளகாயோ அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. போர்த்துக்கேயரின் கப்பல்கள் கீழைக் கடல்களுக்கு வந்த பின்னரே அது இப்பகுதியிற் பரவியது. அவர்களே 1619 ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தரின் ஆட்சியில், 1786 ஆம் ஆண்டளவில், மரவள்ளி மொரீசியசுத் தீவிலிருந்து இலங்கையை அடைந்தது. இன்று தொன்மையானதெனப் போற்றப்படும் சுவையிற் பாதி, கடல் கடந்து வந்து குடியேறியதே.

எனினும், இப்பானையைச் சூழ்ந்தோர் யாவர் என்னும் வினாவும் உண்டு. பனையேறியவரும் வலை வீசியவரும் இன்றிக் கூழ் இல்லை. ஆனால் அவர்களுட் பலருக்கு உயர்ந்தோர் எனப்பட்டோர் வீட்டு முற்றத்திற் சமமாக அமர்ந்து பிளா ஏந்தும் உரிமை நெடுங்காலம் இருந்ததில்லை. தீண்டாமைக்கு எதிராக 1957 இற் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும், தேநீர்க்கடைகளிற் சம இருக்கைக்கும், 1968 இல் மாவிட்டபுரத்திற் கோயில் நுழைவுக்கும் மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒரே பானையிற் பொருள்கள் எளிதிற் கலந்தன. மனிதர் கலத்தல் அத்துணை எளிதாகவில்லை.

1983 முதல் 2009 வரை நீடித்த போரிற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்குமாகப் பனைகள் பெருந்தொகையாகத் தறிக்கப்பட்டன. மக்களும் திசைதோறும் சிதறினர். இன்று இலண்டனிலும் ரொறன்ரோவிலும் கடையிற் பொதியாக வாங்கிய ஒடியல் மாவிற் கூழ் காய்ச்சப்படுகிறது. அங்கே பனையோலைப் பிளா கிடைத்தல் அரிது. கிண்ணமே கைக்கு வரும். ஆயினும் தனியொருவருக்கெனக் கூழ் காய்ச்சுவார் இல்லை. பானை ஏறினால் அயலாரை அழைத்தல் வேண்டும். அவ்வழைப்பில் எவரையும் விலக்காதிருத்தலே, பழைய கூழுக்கு இக்காலம் சேர்க்கவேண்டிய புதிய அடுக்காகும்.