காரைக்கால் மண்ணும் தேநீர்க் கெண்டியும்

காரைக்கால் பகுதியிலுள்ள குரும்பகரத்தில் ஒருவர் கையால் வனைந்த தேநீர்க் கெண்டிக்கு ஏங்கினால், அதை அயல்மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பகுதியில்தான், 1971இல், ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற ஸ்டோன்வேர் மட்கலப் பட்டறையைத் தொடங்கினார்கள். நம் குயவர்கள் ஏன் இத்தகைய கெண்டியைச் செய்யவில்லை என்று கேட்கலாம். குறை கையில் இல்லை, மண்ணிலும் சூளையிலும் இருக்கிறது. வண்டல் களிமண் பானை குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும், நீர் கசியும். கோடையில் தண்ணீரைக் குளிர்விப்பது அந்தக் கசிவுதான், தேநீருக்கோ அது ஆகாது. ஸ்டோன்வேர் 1,200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து இறுகுவது.

ஸ்மித் ஜப்பானில் பயின்றவர், ஆகவே இது வெறும் நகல் என்பார்கள். ஆனால் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது இத்தாலியின் பழங்கால அரெட்டைன் கலங்கள் கிடைத்தன. கடல் கடந்து வந்த மண்கலம் இக்கரைக்குப் புதிதல்ல. கெண்டியின் விலை மட்டும் உறுத்தும், உண்மைதான். ஆனால் உடல், மூடி, மூக்கு, கைப்பிடி எனத் தனித்தனியே செய்து பொருத்த வேண்டிய கலம் அது.