சொல்லச் சொல்ல எழுதியவர்கள்

மெக்சிகோ நகரின் மையத்தில் சோக்கலோ என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. அதற்கு வடக்கே சில தெருக்கள் தள்ளி சாந்தோ தொமிங்கோ என்று இன்னொரு சதுக்கம். ஒரு பக்கம் பழைய தேவாலயம், கிழக்கே அந்நாளைய சுங்க மாளிகை, மேற்கே தூண்கள் வரிசையாக நிற்கும் நீண்ட தாழ்வாரம். எனக்குப் பிடித்தது அந்தத் தாழ்வாரத்தின் கதைதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே சிறு மேசை போட்டு எழுத்தர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் வந்து சொல்லச் சொல்ல, கூலிக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஊரிலுள்ள தாய்க்குக் கடிதம், அரசு அலுவலகத்துக்கு மனு, காதலிக்கு ஒரு கடிதம், எல்லாம் அங்கே எழுதப்பட்டன. நற்செய்தி நூல்களை எழுதியவர்களை நினைத்து, மக்கள் இவர்களை 'எவாங்கெலிஸ்தா', அதாவது நற்செய்தியாளர் என்று அழைத்தார்கள். பெற்ற பிள்ளையிடம் சொல்லாததைக்கூட முன்பின் தெரியாத எழுத்தரிடம் சொல்லியாக வேண்டிய நிலை. அந்த நம்பிக்கையில்தான் தொழில் நடந்தது.

1910-இல் மெக்சிகோவில் 100 பேரில் ஏறக்குறைய 70 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புரட்சிக்குப் பின் 1921-இல் பொதுக் கல்வி அமைச்சகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் அமைச்சர் ஹோசே வாஸ்கோன்செலோஸ் எழுத்தறிவு இயக்கத்தை முடுக்கிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், எழுத்தர்களுக்கு எதிரே இருந்த அந்தச் சுங்க மாளிகையே பின்னாளில் கல்வி அமைச்சகத்தோடு சேர்ந்துவிட்டது!

எழுத்தறிவு பரவியும் தாழ்வாரம் காலியாகவில்லை. பேனா போய்த் தட்டச்சு இயந்திரம் வந்தது. பக்கத்திலேயே சிறு அச்சு இயந்திரங்களும் வந்தன. திருமண அழைப்பிதழ், முகவரி அட்டை எல்லாம் அங்கேயே அச்சாயின. போலிச் சான்றிதழ் கிடைக்கும் இடம் என்ற கெட்ட பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்கும் அலுவலகப் படிவத்தை நிரப்ப ஆள் வேண்டியிருந்ததே!

ஒன்றுதான் மனத்தை உறுத்துகிறது. அதே சதுக்கத்தின் மூலையில் மத விசாரணை மன்றத்தின் மாளிகை நிற்கிறது. 1571 முதல் 1820 வரை நடந்த அந்த மன்றத்தின் தாள்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டுக்கட்டாகப் பத்திரமாக உள்ளன. ஏழைகளைக் குற்றம் சாட்டி எழுதியவையும் அவற்றில் உண்டு. அதே ஏழைகளின் பேரப் பிள்ளைகள் தாழ்வாரத்தில் மனம்விட்டுச் சொல்லி எழுதிய கடிதங்களோ தபாலில் போய், படிக்கப்பட்டு, பெரும்பாலும் மறைந்தே போயின. அவர்கள் வாயால் சொன்ன வரலாறு அந்தக் கடிதங்களில்தான் இருந்தது.