அரிக்காத தேமல்: ஒரு மாத்திரை அட்டையின் வரலாறு

1/ உடம்புல வெளிர்நிறத்துலயோ லேசா சிவந்தோ ஒரு தேமல். அரிப்பு இல்லை, வலி இல்லை. "அது பாட்டுக்கு இருக்கு, என்ன பண்ணப்போகுது"ன்னு விட்டுடறோம். ஆனா தொட்டா உணர்ச்சியே இல்லைன்னா அது தொழுநோயா இருக்கலாம். இதுக்கு இன்னைக்கு அரசு மருத்துவமனையில இலவசமா கிடைக்கிற மாத்திரை அட்டை எப்படி வந்துச்சுன்னு பார்ப்போம். கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ ஆரணி மாதிரி பட்டு நெசவு ஊர்ல இந்த நோய் பிழைப்பிலேயே கை வைக்கும். கிருமி தோலை ஒட்டி ஓடுற நரம்புகளைத் தாக்கும். முழங்கை நரம்பு கெட்டா சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்து, பிறகு மடங்கிடும். அறுந்த இழையை விரல் நுனியால தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடறவங்களுக்கு அந்த உணர்ச்சிதான் முதலீடு. குழித்தறியில மிதிக்கிற பாதம் மரத்துப்போனா, புண் வந்தாகூடத் தெரியாது.

3/ 1873-ல் நார்வே நாட்டின் பெர்கன் நகரில் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். சாபம், பரம்பரை நோய் என்ற பேச்சுக்கு அறிவியல் அப்பவே பதில் சொல்லிடுச்சு. ஆனா மருந்து இல்லை. நம்ம ஊர் நீரடிமுத்து எண்ணெயை ஊசியா போட்டாங்க. வலி அதிகம், பலன் குறைவு. 1898-ல் வந்த சட்டம், ஏழை நோயாளிகளைப் பிடிச்சு அடைச்சு வைக்க வழி செஞ்சது. அந்தச் சட்டம் ரத்தானது எப்போ தெரியுமா? 2016!

4/ முதல் மருந்து டாப்சோன். 1908-ல் ஜெர்மனியில் தயாரிச்சு, எதுக்குன்னே தெரியாம கிடந்த ரசாயனம். 1941-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கை ஃபேஜே இதே குடும்பத்து மருந்தான ப்ரோமினைக் கொடுத்துப் பலன் பார்த்தார். ஆனா அது விலை அதிகம், நரம்பு வழியா ஏத்தணும்.

5/ இங்கதான் நம்ம செங்கல்பட்டு வருது. அங்கே இருந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், விலை குறைவான டாப்சோனையே எண்ணெயில் கலந்து ஊசியா போட்டுப் பார்த்தார். கொஞ்ச நாள்ல நைஜீரியாவின் உசுவாகோலியில், குறைந்த அளவு மாத்திரையே போதும்னு காட்டினாங்க. ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகிற மருந்து அப்படித்தான் பிறந்தது.

6/ கிருமி செத்தாலும் மடங்கின விரல் மடங்கினதுதானே? கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர். 1947-ல் செங்கல்பட்டுக்குப் போனப்போ, விரல் மடங்கிப்போன ஒரு நோயாளி அவர் கையைப் பிடிச்ச பிடி வலிச்சதாம். அப்போ முன்கைத் தசை நல்லாத்தானே இருக்கு! அதன் தசைநாரை விரலுக்குத் திருப்பி விட்டா? மடங்கின விரல்கள் நிமிர ஆரம்பிச்சது.

7/ அவர் இன்னொன்னும் கவனிச்சார். விரல்கள் நோயால தானா "அழுகி" விழலை. வலி தெரியாததால சுட்டுக்கிறாங்க, வெட்டிக்கிறாங்க, தூக்கத்துல எலி கடிக்கிறதுகூட தெரியலை. அதனால காயத்தைத் தடுத்தாலே விரலும் பாதமும் தப்பும். உள்ளூர்லயே தைக்கக்கூடிய மென்ரப்பர் செருப்பு, அதான் எம்.சி.ஆர். செருப்பு, இந்த எண்ணத்துல வந்தது. இன்னைக்கும் கொடுக்கிறோம்.

8/ அதே சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதுக்கப்புறம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1955-ல் காட்பாடி பக்கம் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் வந்தது. ஆரணி அப்போ அதே வட ஆற்காடு மாவட்டம்.

9/ அடுத்த அடி மலேசியாவிலிருந்து. 1964-ல் சுங்கை பூலோவில், டாப்சோனுக்கு அடங்காத கிருமி இருப்பது நிரூபணமாச்சு. ஒரே மருந்தை வருஷக்கணக்கா கொடுத்ததன் விளைவு. புது மருந்து வேணும்.

10/ ஒன்று, க்ளோஃபசிமின். அயர்லாந்தின் டப்ளினில் வின்சென்ட் பாரி குழு காசநோய்க்காக உருவாக்கியது. அதை 1960-களில் தொழுநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டதும் அதே உசுவாகோலிதான். அடிப்படையில் இது ஒரு சிவப்புச் சாயம். அதான் சாப்பிடறவங்க தோல் கருக்கும். பயந்து நிறுத்தாதீங்க, சிகிச்சை முடிஞ்சா நிறம் மெல்லத் திரும்பும். இன்னொன்று, ரிஃபாம்பிசின். பிரான்ஸ் கடற்கரையோரத்து மண்ணிலிருந்த நுண்ணுயிரிலிருந்து இத்தாலியின் மிலான் நகரில் எடுத்த மருந்துக் குடும்பம்.

11/ 1981-ல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, இந்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது. அதுதான் கூட்டு மருந்து சிகிச்சை, எம்.டி.டி. 1995 முதல் ஜப்பானின் நிப்பான் அறக்கட்டளையும், 2000 முதல் நோவார்டிஸ் நிறுவனமும் உலகம் முழுக்க இலவசமா கிடைக்க வழி செஞ்சாங்க.

12/ 2005 டிசம்பரில் இந்தியா "ஒழிப்பு நிலை"யை எட்டியது. இங்க பல பேர் ஏமாந்துடறாங்க. ஒழிப்புன்னா பூஜ்யம் இல்லை. 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு, அவ்வளவுதான். நோய் போயிடுச்சுன்னு நினைச்சு கவனமும் போச்சு. 2023-ல் உலகில் புதுசா கண்டறியப்பட்டவங்க 1.8 லட்சத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் இந்தியாவில்!

13/ மருந்து கிருமியைக் கொல்லும். செத்துப்போன நரம்பை எழுப்பாது. நரம்பு பாதிச்ச ஆறு மாசத்துக்குள்ள வந்தா, ஸ்டீராய்டு கொடுத்து பல பேருக்குக் காப்பாத்த முடியும். லேட்டா வந்தா உணர்ச்சி திரும்பறது கஷ்டம். இவ்வளவு நாடுகள் சேர்ந்து செஞ்ச வேலை, ஒருத்தர் தேமலை மறைக்கிறதால வீணாகலாம்.

14/ அதனால வீட்ல எல்லாரும் பாருங்க. முதுகையும் விடாதீங்க. தேமல் இருந்தா, கண்ணை மூடச் சொல்லி பேனா முனையால லேசா தொடுங்க. தெரியலைன்னா, சந்தேகமா இருந்தாலும், ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க. 6 மாசமோ 12 மாசமோ மாத்திரை, முழுக்க இலவசம். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே பரவாது. கூட இருக்கிறவங்களுக்கும் தடுப்பா ஒரு வேளை ரிஃபாம்பிசின் உண்டு. தொட்டா ஒட்டாது, தனி தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம். 2019 முதல் இந்த நோயைக் காரணம் காட்டி விவாகரத்தும் கேட்க முடியாது.

15/ தறியில உட்கார்றவங்க, அடுப்படியில நிக்கிறவங்க, கைவேலை செய்யறவங்க யாரா இருந்தாலும், விரல் மரத்தா "வேலை அலுப்பு"ன்னு விடாம ஒருதடவை வந்து காட்டுங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்லயும் போடுங்க.