குடகுத் தோட்டங்களில் மர உரிமையும் சோலையின் நலமும்

குடகின் காப்பித் தோட்டங்களை வேளாண் நிலமாக மட்டும் கருதுவது பிழை. அத்தி, பலா, ஈட்டி முதலிய நாட்டு மரங்களின் நிழலில் காப்பி வளரும் இத்தோட்டங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் காப்புக்காடுகளுக்கு இடையே நிற்கும் தனியார் சோலைகள். இங்கே நாட்டு மரம் அருகுவதற்குத் தோட்டக்காரரின் பேராசையே காரணம் என்பார்கள். மரத்தைக் காக்க வந்த விதிகளுக்கும் அதில் பெரும்பங்கு உண்டு என்பது என் வாதம்.

குடகில் நிலம் ஒருவருடையதாகவும் அதில் நிற்கும் மரம் அரசுடையதாகவும் இருக்கலாம். மரமதிப்பைச் செலுத்தி மீட்ட நிலம், மீட்காத நிலம் என இருவகை உண்டு. மீட்காத நிலத்தில் ஓர் ஈட்டியைத் தலைமுறைகளாகக் காத்தவருக்கும் அதன் விலையில் உரிமை இல்லை. மீட்ட நிலத்திலும் நாட்டு மரத்தை வெட்ட வனத்துறையின் அனுமதிக்கு அலைய வேண்டும். 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டமோ சில்வர் ஓக், சவுக்கு, தைலமரம் போன்றவற்றுக்கு விலக்களித்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் விரைந்து நேராக வளரும். மிளகுக்கொடி ஏற இடங்கொடுக்கும். பணமுடை வந்தால் தடையின்றி விற்கலாம். முதுமரம் ஒன்று சாய்ந்த இடத்தில் விவசாயி வேறெதை நடுவார்?

மரங்களின் எண்ணிக்கை குறையாமலே சோலை வறுமைப்பட முடியும் என்பதுதான் இதில் கொடுமை. பிற பழங்கள் கிடைக்காத மாதங்களில் இருவாட்சியையும் பச்சைப்புறாவையும் தாங்குவது அத்தி. இருவாட்சியால் பொந்தைத் தானே குடைய இயலாது. இயற்கையாகப் பொந்து விழுந்த பெருமரம் அதற்கு வேண்டும். சில்வர் ஓக்கின் காயோ உலர்ந்து வெடித்து, சிறகுள்ள விதையைக் காற்றில் விடும். பழந்தின்னிகளுக்கு அதில் உணவில்லை.

யானையை விட்டுவிட்டு இதைப் பேசுவது நேர்மையாகாது. பலா பழுத்தால் யானை வரும். தோட்டத் தொழிலாளர்கள் யானைத் தாக்குதலில் உயிரிழந்திருக்கிறார்கள். குடியிருப்பை ஒட்டிய பலாவை அகற்றுபவரை நான் குறைகூற மாட்டேன். ஆனால் யானையைக் காரணம் காட்டி எல்லா நாட்டு மரத்தையும் கைவிட வேண்டியதில்லை.

உரிமையைக் கொடுத்தால் ஈட்டியெல்லாம் நாளையே லாரியேறும் என்ற மறுப்பு வலுவானது. அதனால்தான் முழுத் தளர்வை நான் கோரவில்லை. தோட்டந்தோறும் மரக் கணக்கெடுத்துப் பத்தாண்டு மேலாண்மைத் திட்டம் வகுக்கலாம். பொந்து மரங்களையும் விதை மரங்களையும் தொடக்கூடாது. முதிர்ந்தவற்றில் சிலவற்றை மட்டும், அவ்விடத்தில் நாட்டுக் கன்று நிலைத்த பிறகு, அடுத்த வெட்டுக்கு அனுமதி என்ற நிபந்தனையோடு விற்க விடலாம்.

இவ்வழி முற்றிலும் புதிதன்று. தனியார் நிலத்துச் சந்தனத்தின் உரிமையைக் கர்நாடகம் 2001இலும் தமிழ்நாடு 2002இலும் நிலவுடைமையாளருக்கு வழங்கின. தனியார் சந்தன நடவு அதன் பிறகே பரவியது. குடகில் முதலில் செய்ய வேண்டியது இளமரங்களுக்கான மாற்றம்: இனி நட்டோ முளைத்ததைக் காத்தோ பதிவு செய்யப்படும் நாட்டு மரம், நிலம் மீட்டதாயினும் மீட்காததாயினும், வளர்த்தவருக்கே உரியதாக வேண்டும். இன்று நிற்கும் பெருமரங்களுக்கு இதனால் ஆபத்தில்லை. அரசின் கருவூலத்துக்கும் உடனடி இழப்பில்லை.