லொலிபொப் மாமாக்களும் மாமிகளும்: ஒரு வீதிக் கடவையின் வரலாறு



சென்ற மாதம் வரிப் படிவங்களைப் பற்றி நான் பேசி முடித்ததும் ஒரு நேயர் தொலைபேசியில் வந்தார். "எந்த நாளும் கணக்கும் வரியும்தானோ? வேறு ஏதும் கதைக்க மாட்டீங்களோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆகவே இம்முறை வீதிக்கு வருகிறேன். ஆனாலும் ஒன்றை முற்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கடைசியில் கணக்கு வந்துதான் தீரும்.

எங்கள் பகுதி ஆரம்பப் பாடசாலைக்கு முன்னால் பதினொரு வருடங்களாக ஒரு தமிழ்ப் பெரியவர் நின்றார். மஞ்சள் மேலங்கி, தொப்பி, கையில் வட்டப் பலகை பொருத்திய நீண்ட தடி. ஊரில் கணித ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்று, பிள்ளைகளோடு இங்கிலாந்துக்கு வந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் மாஸ்ரர்தான். "றோட்டில தடியோட நிக்கிறதை ஊருக்குச் சொல்லாதேங்கோ அப்பா" என்று முதலில் அவருடைய மகளே கேட்டுக்கொண்டாராம். அதைச் சொல்லி மாஸ்ரர் சிரிப்பார். "முப்பத்தைஞ்சு வருசம் படிப்பிச்சன். ஒரு நாளும் ஒரு லொறியை நிப்பாட்ட என்னால ஏலேல்ல. இப்ப ஏலுது."

அந்தத் தடிக்கு அப்படியென்ன அதிகாரம்? அது எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப் படித்தபோது அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கு அதுவரை இருந்த மணிக்கு 20 மைல் என்ற வேகக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. பிரித்தானிய வீதிகளில் 1934ஆம் ஆண்டில் மட்டும் 7,343 பேர் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள். அன்று ஓடிய வாகனங்களோ ஏறத்தாழ 24 இலட்சம்தான். இன்று நான்கு கோடிக்கும் அதிகமான வாகனங்கள் இருந்தும், 2023இல் இறந்தவர்கள் 1,624 பேர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் காலத்து வீதி எப்படி இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அந்த 1934ஆம் ஆண்டில்தான் லெஸ்லி ஹோர்-பெலிஷா போக்குவரத்து அமைச்சரானார். கடவைகளின் இரு கரையிலும் செம்மஞ்சள் உருண்டை பொருத்திய கம்பங்களை நாட்டுவித்தவர் அவர். இன்றும் அவை அவருடைய பெயராலேயே அழைக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டு, குடியிருப்புப் பகுதிகளுக்கு 30 மைல் வேகக் கட்டுப்பாடு வந்தது. கறுப்பு வெள்ளை வரிகள் கொண்ட வரிக்குதிரைக் கடவை 1951இல்தான் வந்தது.

ஆனால் கம்பமும் கோடும் ஒரு ஐந்து வயதுப் பிள்ளையின் கையைப் பிடிக்காது. அதற்கு ஒரு ஆள் வேண்டும். 1937ஆம் ஆண்டு பாத் நகரசபை, கிங்ஸ்மீட் பாடசாலைக்கு முன்னால் திருமதி ஹன்ட் என்ற பெண்மணியை அந்த வேலைக்கு அமர்த்தியது. இந்த நாட்டின் முதலாவது பாடசாலைக் கடவைக் காவலர் என்று பெரும்பாலும் அவரையே குறிப்பிடுகிறார்கள். வேறு சில ஊர்களிலும் இவ்வாறான ஏற்பாடுகள் தோன்றின. பொலிசாரும் பாடசாலை நேரத்தில் சந்திகளில் நின்றார்கள். போருக்குப் பின்னர் வாகனங்கள் பெருகின, பொலிசாருக்கு வேறு வேலைகளும் பெருகின. காவலர்களாக நின்ற சாதாரண மக்களுக்கோ வாகனத்தை மறிக்கும் சட்ட அதிகாரம் இருக்கவில்லை. சாரதி விரும்பினால் நிற்பார், இல்லாவிட்டால் போய்க்கொண்டே இருப்பார்.

அந்தக் குறையை நீக்கவே 1953ஆம் ஆண்டு பாடசாலைக் கடவைக் காவலர் சட்டம் நிறைவேறியது. 1954 யூலையில் அது நடைமுறைக்கு வந்தது. காலை 8 மணி முதல் மாலை 5.30 வரை, அங்கீகரிக்கப்பட்ட உடையணிந்த காவலர் குறித்த பலகையைக் காட்டினால் சாரதி நிறுத்தியே ஆகவேண்டும் என்றது சட்டம். பின்னாளில் பலகை வட்டமாகியது. தடியின் நுனியில் அது நிற்கும் தோற்றத்தைப் பார்த்துத்தான் லொலிபொப் என்ற செல்லப்பெயர் நிலைத்தது.

இன்று 1984ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்து ஒழுங்குச் சட்டமே இதற்கு அடிப்படை. பலகை தெரியும்போது நிறுத்தாத சாரதிக்கு 1,000 பவுண் வரை அபராதமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3 புள்ளிகளும் கிடைக்கலாம். பிள்ளைகள் கடந்து முடிந்தாலும் பலகை தெரியும்வரை வாகனத்தை நகர்த்தக்கூடாது. முன்பு பாடசாலைக்குப் போய்வரும் பிள்ளைகளுக்காக மட்டுமே மறிக்கலாம். தனியாகக் கடக்கும் ஒரு முதியவருக்காக மறிக்க அதிகாரம் இருக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் அந்த வரம்பையும் நேர வரம்பையும் நீக்கியது.

இங்கேதான் நேயர்கள் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். உள்ளூராட்சி சபை காவலரை நியமிக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. நியமிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. "லாம்" என்பதற்கும் "வேண்டும்" என்பதற்கும் உள்ள தூரத்தை எங்களைப் போன்ற கணக்காளர்கள் நன்கு அறிவார்கள். பணம் குறையும்போது முதலில் வெட்டு விழுவது "லாம்" என்ற பக்கத்தில்தான்.

மாஸ்ரருக்கு முழங்கால் ஏலாமல் போய் அவர் விலகியபோது எங்களுக்கும் அதுவே நடந்தது. அவருடைய இடத்துக்கு ஆள் போடவில்லை. பெற்றோர் எழுதிக் கேட்டதற்கு, அந்த இடம் தேவையான அளவை எட்டுகிறதா என்று பார்க்கவேண்டும் என்று பதில் வந்தது.

அது என்ன அளவு? பல சபைகள் பின்பற்றும் வழிகாட்டியில் ஒரு சூத்திரம் உண்டு. மிக நெரிசலான அரை மணி நேரத்தில் கடக்கும் பிள்ளைகளை எண்ணவேண்டும். அதே நேரத்தில் போகும் வாகனங்களையும் எண்ணவேண்டும். வாகன எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, வரும் விடையைப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் மறுபடி பெருக்கவேண்டும். நாற்பது இலட்சம் வந்தால் காவலர் வைக்கத் தகுந்த இடம். சற்றுக் குறைந்தால் வீதியின் அகலம், வேகம், பார்வைத் தடை போன்றவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

சபை வரும்வரை காத்திராமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானும் இன்னொரு பெற்றோரும் கொப்பியும் பேனையுமாக நின்று எண்ணினோம். பிள்ளைகள் 38. வாகனங்கள் 318. பெருக்கினால் 38,42,712. நாற்பது இலட்சத்துக்கு 1,57,288 குறைவு. பெரிய தொகைபோலத் தெரிகிறது அல்லவா? வீட்டுக்கு வந்து திரும்பக் கணக்குப் போட்டேன். பிள்ளைகள் 40 ஆக இருந்திருந்தால் 40,44,960. ஆக, எங்களுக்குக் குறைந்தது இரண்டு பிள்ளைகள்.

இனித்தான் என்னை உறங்கவிடாத பகுதி. மாஸ்ரர் போனபிறகு, பயத்தினால் பல பெற்றோர் பிள்ளைகளைக் காரில் கொண்டுவரத் தொடங்கினார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் வீட்டிலும் அதுவே நடந்தது. பேத்தியைக் காரில் கொண்டுபோய் விட்டவன் நானேதான். ஆனால் கணக்கில் பாருங்கள். இன்னும் பத்துப் பிள்ளைகள் பத்துக் கார்களுக்கு மாறினால் பிள்ளைகள் 28, வாகனங்கள் 328. விடை 30,12,352. வீதியில் வாகனம் கூடிவிட்டது, நடக்கும் 28 பிள்ளைகளுக்கும் ஆபத்துக் கூடிவிட்டது, ஆனால் தேவை குறைந்துவிட்டதாகச் சூத்திரம் சொல்கிறது. மாறாக, பத்துப் பிள்ளைகள் காரை விட்டு நடந்தால் 48 பிள்ளைகள், 308 வாகனங்கள். விடை 45,53,472. காவலர் கேட்க எங்களுக்கு வலுவான நியாயம் கிடைத்துவிடும்.

இதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது ஒருவர், "அப்ப எண்ண வாற நாளில மட்டும் எல்லாரும் நடந்து வருவம்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கணக்காய்வு நாளுக்கு மட்டும் பெட்டியில் காசு வைக்கும் கடைக்காரரைப் பார்த்துப் பழகியவன் நான். அது புரட்டு. நடப்பதானால் எல்லா நாளும் நடப்போம், பெரியவர்கள் முறைபோட்டுப் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்து வருவோம் என்றேன். இரண்டு மாதங்களாக அப்படித்தான் நடக்கிறது. முதல் வாரம் ஐந்து பிள்ளைகள், இப்போது பதினான்கு. என் பேத்தியும் அதில் ஒருத்தி. நாங்கள் வாகனத்தை மறிக்க முடியாது, சபை அனுமதித்த காவலருக்கு மட்டுமே அந்த அதிகாரம். ஆகவே கரையில் காத்து நின்று, இடைவெளி பார்த்துத்தான் கடக்கிறோம். சில காலைகளில் நீண்ட நேரம் நிற்கவேண்டியிருக்கிறது.

அடுத்த தவணையில் சபையிலிருந்து எண்ண வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முடிவு என்னவென்று எனக்குத் தெரியாது. காவலர் இடம் கிடைத்தாலும் அந்த வேலைக்கு ஒரு ஆள் முன்வரவேண்டும்: காலையில் கொஞ்ச நேரம், மாலையில் கொஞ்ச நேரம், மழையிலும் குளிரிலும். ஓய்வுபெற்ற நேயர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் யோசித்துப் பாருங்கள். ஊருக்குச் சொல்ல வெட்கப்படவேண்டிய வேலை அல்ல அது.

மாஸ்ரரைச் சென்ற கிழமை பார்க்கப் போனேன். என் கணக்கை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தார். "பெருக்கல் சரி" என்றார். பிறகு, "அந்த முப்பத்தெட்டில சிவப்புத் தொப்பி போட்ட சின்னவன் வந்தவனோ? அவன் பார்க்காமல் ஓடுவான், கவனம்" என்றார்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.